பட்டறைப் பக்கம்: அலுமாரிச் சாவி யாருடைய இடுப்பில்?

சென்ற இதழில் ஒரு வாசகர், "நல்ல தொழினுட்ப வகுப்பறைக்கு முதலில் என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். "ஒன்றும் வாங்க வேண்டாம், இருப்பதைத் திறந்து வையுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தை மேசையில் இப்போது கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. பாதி ஆமோதிப்பு, பாதி ஏச்சு. 31 வருடம் இந்தப் பாடத்தைப் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற துணிவில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் போடுகிறேன். ஆட்பெயரும் போட்டால் நாளைக்குச் சந்தையில் எனக்கு நல்ல மீன் கிடைக்காது.

கேள்வி: என் மகன் தரம் 8 படிக்கிறான். வீட்டில் வானொலி, மின்விசிறி என்று எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிறான். ஆனால் 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்' பாடத்தில் 42 புள்ளிதான். "கற்பனை இல்லாத பிள்ளை" என்கிறார் ஆசிரியர். கற்பனை பிறவியிலேயே வர வேண்டியதா ஐயா?
(ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

பதில்: கழற்றியவற்றில் எத்தனை திரும்பப் பூட்டப்பட்டன என்று நீங்கள் எழுதவில்லையே, மகள். பூட்டத் தெரியாமல் மூலையில் கிடந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் அவன் அதை மறுபடி எடுத்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பின்பக்கம் பெருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் தொட விடாதீர்கள். மின்னை நிறுத்திய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின் தங்கியிருக்கும்.

பிறவியா என்று கேட்டீர்கள். 1950இல் ஜே.பி. கில்ஃபர்ட் என்ற உளவியலாளர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகப் பேசியபோது, படைப்பாற்றலை நாம் ஆராயாமலே விட்டுவிட்டோம் என்று தம் துறையினரைக் கடிந்துகொண்டார். பின்னாளில் அவர் வைத்த சோதனைகளில் ஒன்று மிக எளியது: ஒரு செங்கல்லுக்கு எத்தனை பயன்கள் சொல்வாய்?

நான் செங்கல்லை விட்டுச் சிரட்டையைப் பிடித்துக்கொண்டேன். வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக இருத்தி, சிரட்டையின் பயன்களைக் கொப்பியில் எழுதச் சொல்லி, சிவப்புப் பேனையோடு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதியது நான்கு: அகப்பை, விளக்கு, உண்டியல், கரி. அடுத்த கிழமை அதே வகுப்பை மாமரத்தின் கீழே கூட்டிக்கொண்டுபோய் ஆளுக்கொரு சிரட்டையைக் கையில் கொடுத்தேன். புள்ளி கிடையாது, மற்றவன் சொன்னதைக் கேலி செய்தால் மட்டும் தண்டனை என்றேன். அன்று 23 பயன்கள் வந்தன. கைபேசியைச் சிரட்டைக்குள் வைத்தால் பாட்டின் சத்தம் கூடும் என்று ஒருத்தி செய்தே காட்டினாள். முதல் கிழமை வெறும் தாளைக் கொடுத்தவள் அவள்தான்.

ஆகவே 42 என்பது உங்கள் மகனுக்குக் கிடைத்த புள்ளியா, அந்த அறைக்குக் கிடைத்த புள்ளியா என்பது எனக்குத் தெளிவில்லை. ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவன் திருத்திய பொருள் ஒன்றை வகுப்பில் காட்ட பத்து நிமிடம் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: நான் புதிதாக நியமனம் பெற்ற தொழினுட்ப ஆசிரியன். வேலைத்தளம் இருக்கிறது, உபகரணங்கள் இருக்கின்றன, எல்லாம் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பல்மானி (மின் அளக்கும் மல்டிமீற்றர்) பழுதானால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். செயற்றிட்டம் கொடுத்தால் 34 பிள்ளைகளும் ஒரே மாதிரிப் பொருளைக் கொண்டுவருகிறார்கள். இது யாருடைய பிழை?
(ஆசிரியர், பட்டிப்பளைப் பக்கம்)

பதில்: பாதி உங்களுடையது தம்பி. மீதி, உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த என்னைப் போன்றவர்களுடையது.

நானும் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவன்தான். பொருட்பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறதே என்ற பயம். நம் ஊரில் தச்சனின் உளியையும் ஆயுதம் என்றுதான் சொல்வோம். யுத்த காலத்தில் அந்தச் சொல்லைப் பதிவேட்டில் எழுதப் பயந்து, பக்கம் பக்கமாக வெட்டிக் 'கருவி' என்று திருத்தியவன் நான். ஒரு பிள்ளை வந்து திருப்புளி கேட்டால் முதலில் "எதற்கு?" என்பேன். நியாயமான கேள்விதானே என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். எதற்கு என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் திருப்புளி என்றால், சும்மா திருகிப் பார்த்து எதையாவது கண்டுபிடிப்பவனுக்கு அந்த அறையில் என்ன வேலை?

பிறகு ஒரு வெல்டிங் கடையில் பார்த்ததைக் களவெடுத்தேன். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதில் வைத்து அதன் உருவத்தைச் சுற்றிச் சிவப்பு வர்ணத்தில் கோடு இழுத்தேன். கருவி எடுக்கப்பட்டால் சுவரில் அதன் வெற்றுருவம் பல் விழுந்த வாய்போலத் தெரியும். பாடம் முடிந்ததும் எண்ணத் தேவையில்லை, பார்த்தால் போதும். இரண்டு வருடத்தில் தொலைந்தது ஒரு குறடு. அதுவும் என் வீட்டில்தான் இருந்தது.

பல்மானியைப் பற்றி: அது 'செத்துவிட்டது' என்று நாம் மூடி வைப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் உருகி (பியூஸ்) எரிந்ததாகத்தான் இருக்கும். மின்னோட்டம் அளக்கும் துளையில் கம்பியை வைத்தபடி மின்கலத்தின் இரு முனைகளையும் தொட்டால் அது எரியும். உருகியை மாற்றப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். அதுவும் பாடம்தான்.

இனி அந்த 34 ஒரே மாதிரிப் பொருட்கள். நீங்கள் வெண்பலகையில் மாதிரி ஒன்றை வரைந்தீர்களா? வரைந்திருப்பீர்கள். 1991இல் ஜேன்சன், ஸ்மித் என்ற இருவர் வடிவமைப்பு படிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிந்தாத கோப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்க வேண்டும், உறிஞ்சுகுழாய் கூடாது என்பது நிபந்தனை. ஒரு குழுவுக்கு மட்டும் உறிஞ்சுகுழாய் வைத்த ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். படத்தைப் பார்த்தவர்களில் பலர், கூடாது என்று சொல்லியிருந்தும், குழாயோடுதான் வரைந்தார்கள். கண் முன்னே நிற்கும் மாதிரி அவ்வளவு பொல்லாதது.

எனக்கும் இது நடந்தது. 'வயலில் கிளி விரட்டி செய்க' என்று செயற்றிட்டம் கொடுத்தேன். உதவி செய்வதாக நினைத்து, பிளாஸ்டிக் போத்தலை வெட்டிச் செய்த காற்றாடி ஒன்றை அழகாக வரைந்தும் காட்டினேன். வந்து சேர்ந்தவை அத்தனையும் காற்றாடி. போத்தலின் நிறம்தான் வேறு.

மறுவருடம் ஒன்றும் வரையவில்லை. கதிர் முற்றும் காலத்தில் பிள்ளைகளை வயல் வட்டைக்குக் கூட்டிக்கொண்டுபோய், வரம்பில் ஒரு மணித்தியாலம் பேசாமல் நிற்கச் சொன்னேன். (அதிபருக்கு நான் கொடுத்த விளக்கக் கடிதம் தனிக் கதை.) கிளிகள் ஒரே திசையிலிருந்துதான் வருகின்றன என்று ஒருத்தி கண்டாள். காலையில் கிளி வரும் நேரத்தில் காற்றே இல்லை, ஐயாவின் காற்றாடி எப்படிச் சுற்றும் என்று ஒரு பையன் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

அந்தப் பையன் செய்த பொருள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு முழ நீள மூங்கில். நடுவில் கணு உள்ளே அடைத்திருக்கும், முன்பக்கம் சாய்வாக வெட்டிய வாய். நடுவே ஆணி குத்தித் துலாபோலத் தொங்கவிட்டான். வால் பக்கம் சற்றுப் பாரம், அதற்குக் கீழே கவிழ்த்த மண்ணெண்ணெய் டின். மேலே ஒரு தண்ணீர்ப் போத்தல், அதிலிருந்து மருந்துக்கடையில் வாங்கிய சேலைன் குழாய். சொட்டுச் சொட்டாக வாய்க்குள் தண்ணீர் நிறையும். நிறைந்ததும் பாரம் முன்பக்கம் மாறி வாய் கவிழும். தண்ணீர் கொட்டியதும் வால் விழுந்து டின்னில் 'டாங்'. குழாயில் இருக்கும் சிறிய உருளையைத் திருகினால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு 'டாங்' என்று வைத்துக்கொள்ளலாம். காற்று வேண்டாம், மின்கலம் வேண்டாம். யப்பானில் மான்களை விரட்ட இதே போன்ற மூங்கில் பொறி பழங்காலம் தொட்டு இருக்கிறது என்று பின்னர்தான் அறிந்தேன். வெல்லாவெளிப் பையனுக்கு அது எங்கே தெரியும்? மூன்றாம் நாள் கிளிகள் சத்தத்துக்குப் பழகிவிட்டன என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தான். ஒரே இடைவெளியில் அடித்தால் பழகத்தானே செய்யும்? இரண்டாவது மூங்கிலைச் சேர்த்து, இரண்டின் சொட்டையும் வேறு வேறு வேகத்தில் விட்டான்.

இதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது என்ன தெரியுமா? நான்கு நாட்களுக்கு யாரும் கை வைக்காத ஓர் அடி அகல மேசை. நமது வகுப்பறைகளில் இல்லாத பொருள் அதுதான். பாடவேளை முடிந்து மணி அடிக்கும், அடுத்த வகுப்பு வரும், அரைகுறையாக நிற்பதெல்லாம் பைக்குள் போகும், நசுங்கும். அவன் காலத்துக்கு முன்பு வேறொரு மாணவனின் பாதி முடிந்த வேலையை, மறுநாள் மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று, குப்பை என நினைத்து நானே வெளியே எறிந்திருக்கிறேன். அந்த மாணவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் என் பாடத்தில் அவன் ஒன்றும் செய்யவுமில்லை. அதன் பின்தான் பின்சுவரில் ஒரு தட்டு அடித்து 'வேலை நடக்கிறது' என்று எழுதி வைத்தேன். அதிகாரிகள் வந்த நாளில் அந்தத் தட்டு அலங்கோலமாகத்தான் இருந்தது. ஒருவர் முகம் சுளித்தார். மற்றவர் குனிந்து ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

தம்பி, தட்டு அடிக்கப் பலகை இல்லையென்றால் எழுதுங்கள். என் வீட்டுக் கோடியில் இரண்டு கிடக்கின்றன.

கேள்வி: எமது வேலைத்தளம் தகரக் கூரை. பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். மின்விசிறி பூட்டினால் போதுமா?
(அதிபர், செங்கலடி)

பதில்: அதிபர் அவர்களே, கச்சான் காற்று வீசும் மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் நம் பக்கம் இறங்கும் காற்றை விசிறியால் சுழற்றினால், சூடான காற்று சுற்றி வரும், அவ்வளவுதான். போதாததற்குப் பற்றாசு வைக்கும் (ஈயம் உருக்கி ஒட்டும்) பிள்ளையின் சூட்டுக்கோலையும் அது ஆற்றிவிடும், வரைதாளையும் பறக்கவிடும். நேரசூசியைத் திருத்துவதற்குச் செலவில்லை. தொழினுட்பப் பாடத்தைக் காலையில் இரட்டைப் பாடவேளையாக வையுங்கள். கணித ஆசிரியர் கோபிப்பார், தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள். கூரையின் மேல் வெள்ளை பூசினால் வெக்கை குறையும். உள்ளே கிடுகு கட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பற்றாசு வைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மார்கழி மழையையும் மறக்க வேண்டாம். தகரத்தில் அது விழும்போது ஆசிரியர் கத்தினாலும் கேட்காது. அந்த நாட்களை நான் வரைதலுக்கு ஒதுக்கியிருந்தேன். நான் பேச முடியாமல் போன நாட்களில் பிள்ளைகள் வரைந்தவை மற்ற நாட்களைவிட நன்றாக இருந்ததை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

கேள்வி: நான் கைத்தறி நெசவு செய்பவன். என் மகன் பாடசாலைப் புத்தாக்கப் போட்டியில் பரிசு பெற்றான். அதன் பிறகு பரிசு இல்லையென்றால் எதையும் செய்யமாட்டேன் என்கிறான். பரிசு கொடுப்பது நல்லதா?
(தந்தை, மருதமுனை)

பதில்: காக்கா, இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், விரும்பிப் படம் வரையும் பாலர்களை மூன்றாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே வாக்குப் பெற்ற பாலர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பெற்றவர்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. தெரேசா அமபிலி என்பவரும் பிற்காலத்தில் இதே வழியில் நெடுகிலும் ஆராய்ந்தவர். 'இதற்கு எத்தனை புள்ளி வரும்' என்ற நினைப்பு முன்னே வந்து நின்றால் புதுமை பின்வாங்கும் என்பது அவர் கண்டது.

பரிசை ஒழிக்கச் சொல்லவில்லை. அது எதிர்பாராமல் வரட்டும். உங்கள் வீட்டில் தறிக்குழிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளைதானே? நூல் அறுந்தால் முடிச்சுப் போடப் போட்டி வைத்தா அவனுக்குப் பழக்கினீர்கள்? சாரத்தின் கரைக்குப் புதிய நிறக்கோர்வை ஒன்றை அவனையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். விற்காவிட்டால் நான் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். கடும் மஞ்சள் மட்டும் வேண்டாம்.

கேள்வி: பழைய மாணவர்கள் திறன்பலகை (ஸ்மார்ட் போர்ட்) வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். ஏற்கலாமா?
(ஆசிரியை, வாழைச்சேனை)

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள். அதே கையோடு மேசையில் பூட்ட, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் நான்கு கேளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் தொழினுட்பத் துறையைத் தெரிவு செய்தேன். "கணிதம் ஓடாத பிள்ளைகள் போகிற வகுப்பு" என்று பாடசாலையிலேயே சொல்கிறார்கள். வகுப்புக்குள் போகவே மனம் வருவதில்லை.
(மாணவன், திருக்கோவில்)

பதில்: மருமகன், அந்தத் துறை நம் நாட்டில் 2013இல் தொடங்கி, 2015இல் முதல் தொகுதி பரீட்சை எழுதியது. நூறு வருடப் பெருமை பேசும் துறைகளுக்குப் பக்கத்தில் அது சின்னப் பிள்ளை. பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், கூடவே தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஒரு பாடம். இதில் கணிதம் இல்லை என்று சொன்னவர் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர். உன் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பீடம் இருக்கிறது.

வகுப்பறைச் சூழல் என்றால் மேசை, கதிரை, காற்று என்று நினைக்கிறோம். அந்த அறைக்கு ஊர் வைத்த பெயரும் சூழல்தான். 'மிச்சப்பட்டவர்கள்' என்று பெயர் வாங்கிய வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்வதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பிழையான விடை சொன்னால் பெயர் உறுதியாகிவிடும் என்ற பயம்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளைத் தமிழறிஞராக மட்டும் படித்திருப்பாய். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. பாட்டிலும் உரையிலும் சொல்லாக மட்டும் இருந்த யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து, செய்வித்து, 1947இல் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் மீட்டிக் காட்டச் செய்தார். அதை எந்தத் துறையில் சேர்ப்பார்கள் என்று உன் பாடசாலையில் கேட்டுப் பார்.

கேள்வி: எங்கள் வகுப்பில் குழு வேலை என்றால் ஆண் பிள்ளைகள் கருவியை எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அறிக்கை எழுதுகிறோம், படம் கீறுகிறோம். ஆசிரியரிடம் சொன்னால் "உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறதே" என்கிறார். பர்தாவோடு துளையிடும் இயந்திரத்தில் நிற்பது ஆபத்து என்றும் சொல்கிறார். உண்மையா?
(மாணவி, சம்மாந்துறை)

பதில்: தொங்கும் துணி ஆபத்து என்பது உண்மை, தங்கச்சி. கழுத்துப்பட்டி, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த சட்டைக் கை எல்லாமே ஆபத்து. கையுறையும் அங்கே கூடாது, சுழலும் அலகு அதைக் கையோடு இழுத்துவிடும். துணியை உள்ளே செருகி ஊசி குத்திக்கொண்டு, கண்ணாடி அணிந்து நின்றால் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். இதை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். எழுதியும் ஒட்டலாம், கையெழுத்து அழகாயிற்றே.

மற்றதற்கு என் அனுபவம் ஒன்று. என் வேலைத்தளத்திலும் இப்படித்தான் நடந்தது. பல நாள் அறிவுரை சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. கருவிப் பலகை வாசல் பக்கம் இருந்தது. மணி அடித்ததும் ஓடி வருகிறவன் எடுத்துக்கொள்வான், ஓடி வருகிறவன் எப்போதும் பையன். பலகையைக் கழற்றி எதிர்ச்சுவரில் பூட்டினேன். கருவி மேசைக்குரியது, ஆளுக்குரியது அல்ல என்று வைத்தேன். அறிக்கை எழுதும் முறை ஒவ்வொரு கிழமையும் மாறும், எழுதுகிறவர் பெயரைச் சுவரில் நானே எழுதுவேன். முதல் மாதம் பையன்கள் எழுதிய அறிக்கைகளை வாசிக்கக் கண்ணாடியை இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது.

உங்கள் வகுப்பில் பலகையை நகர்த்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் அடுத்த குழு வேலையில் கொப்பியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகலாம்.